ஸ்கேனில் தெரியாத வலி
நாள்பட்ட தலைவலியோடு வாழும் இளையோரும் அவர்களின் மனமும்

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்திருந்தனர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. தாயின் கையில் இருந்த துணிக்கடைப் பைக்குள் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த மருத்துவக் காகிதங்கள். கண் பரிசோதனைச் சீட்டு, சைனஸுக்காக எடுத்த எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவுகள், இறுதியாகக் கடன் வாங்கி எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எல்லாவற்றிலும் குறை ஏதும் இல்லை என்றே எழுதப்பட்டிருந்தது.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க டாக்டர். அப்ப இவளுக்கு ஏன் வலிக்குது? படிக்கப் பிடிக்காம சொல்றாளோன்னு இவங்க அப்பா கேக்கறாரு" என்றார் தாய். மகள் தலை நிமிரவில்லை. தாயைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே கேட்டபோது அவள் சொன்னாள்: "வலிக்குதுன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல. அதனால இப்பல்லாம் சொல்றதில்ல. மாத்திரை போட்டுக்கறேன்." மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, இருபது நாள் இருக்கும் என்றாள்.

இக்கட்டுரையில் இடம்பெறும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியே எழுதியிருக்கிறேன். ஆயினும் இத்தகைய தாயும் மகளும் எங்கள் பிரிவுக்குப் புதியவர்கள் அல்லர். வாரத்துக்கு ஓரிருவரேனும் இதே கேள்வியோடு வருகின்றனர். அக்கேள்விக்கான விடையை விரிவாக எழுத வேண்டும் என்பதே என் நோக்கம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதுநிலைப் பட்டம் பெற்ற புதிதில், வேறோர் ஊரில் பணியாற்றியபோது, ஓராண்டாகத் தலைவலியால் துன்புற்ற ஓர் இளைஞரைப் பரிசோதித்தேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒன்றுமில்லை. எல்லாம் மனம்தான். கவலைப்படாமல் போ" என்றேன். ஆறுதல் சொன்னதாகவே அன்று எண்ணிக்கொண்டேன். எட்டு மாதங்கள் கழித்து, நாள்தோறும் வலி மாத்திரை விழுங்கி வயிறு புண்ணாகி, வேலையையும் விட்டுவிட்டு அவர் மீண்டும் வந்தார். இடையில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஒன்றுமில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார். அவர் வலியை நான் மறுத்ததாகவே அச்சொல் அவருக்குக் கேட்டிருக்கிறது. அன்று முதல் அந்தச் சொற்றொடரை நான் பயன்படுத்துவதில்லை.

வலி மெய்யானது

இளையோரிடம் காணும் நாள்பட்ட தலைவலிகளுள் பெரும்பாலானவை இரு வகையைச் சேர்ந்தவை. ஒன்று, மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி. பெயர் அவ்வாறு இருப்பினும் அது இரு பக்கமும் வரலாம்; சிறுவர்களுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுவதும் வலிக்கும். துடிப்பது போன்ற வலி, குமட்டல், வெளிச்சமும் ஓசையும் தாங்காமை ஆகியன அதன் அடையாளங்கள். மற்றொன்று இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இழுப்பது போல, நெற்றியிலும் பிடரியிலும் பாரமாக உணரப்படுவது. இவ்விரண்டிலும் மூளையின் வடிவில் சிதைவு எதுவும் இருப்பதில்லை. வலியைக் கையாளும் நரம்புகளின் செயல்பாடே மாறியிருக்கிறது. ஸ்கேன் மூளையின் வடிவத்தைக் காட்டும். அதன் செயல்பாட்டு மாற்றங்களை வழக்கமான ஸ்கேன் காட்டாது. வானொலிப் பெட்டியைப் புகைப்படம் எடுத்துப் பார்த்தால் அதன் இரைச்சல் தெரியாது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இத்துன்பம் அரிதானதும் அன்று. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 310 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ 40 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு தலைவலி நோயால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் அண்டை மாநிலமான கருநாடகத்தில், பெங்களூருவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரிடம் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. ஓராண்டுக்குள் தலைவலி கண்டவர்கள் 63.9 விழுக்காட்டினர். ஒற்றைத் தலைவலி உடையோர் 25.2 விழுக்காட்டினர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் அது மிகுதியாக இருந்தது. இறுக்கத் தலைவலியோ இளவயதினரிடமே கூடுதலாகக் காணப்பட்டது. தலைவலி என்பது பட்டணத்து நோய், வசதியானவர்களின் நோய் என்று எண்ணுவோர் இந்த எண்களைச் சிந்திக்க வேண்டும்.

மதகும் மனமும்

வலி மெய்யெனில், அதில் மனத்துக்கு என்ன வேலை?

1965ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக் என்ற உளவியலாளரும் பேட்ரிக் வால் என்ற உடலியலாளரும் வலியைப் பற்றிய ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். உடலிலிருந்து வரும் வலிச்செய்தி நேரே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது. அது சில வேளைகளில் அகலத் திறக்கும், சில வேளைகளில் ஒடுங்கும். மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அந்த வாயிலை இயக்குகின்றன என்பது அதன் சாரம். அதன் பின்னர் வந்த ஆய்வுகள் இக்கோட்பாட்டைப் பல வகையில் திருத்தியிருக்கின்றன. எனினும் அதன் அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்திருக்கிறது.

உத்திரமேரூர் ஏரியின் மதகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரியில் உள்ள நீர் ஒன்றுதான். மதகை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே வயலுக்குப் பாயும் நீரின் அளவு அமைகிறது. அச்சம், உறக்கமின்மை, ஓயாத கவலை, வலியையே உற்று நோக்கிக்கொண்டிருத்தல் ஆகியவை வலியின் மதகை அகலத் திறந்துவிடுகின்றன. அமைதி, நல்லுறக்கம், ஈடுபாடுள்ள வேலை, 'இதை என்னால் சமாளிக்க முடியும்' என்னும் நம்பிக்கை ஆகியவை அதை ஒடுக்குகின்றன. மனம் வலியைக் கற்பனையாகப் படைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள வலி நம் வாழ்வுக்குள் எவ்வளவு பாய்கிறது என்பதில் மனத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே, 'மனமும் காரணம்' என்று மருத்துவர் சொன்னால் 'நீ நடிக்கிறாய்' என்று பொருள் கொள்ள வேண்டா.

வலியை வளர்க்கும் மூன்று பழக்கங்கள்

ஒரே அளவு வலியுள்ள இருவரில் ஒருவர் பள்ளிக்குப் போகிறார். மற்றவர் படுக்கையை விட்டு எழுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பல நாட்டு ஆய்வாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் சுட்டும் பழக்கங்களுள் மூன்றை எங்கள் பிரிவிலும் அடிக்கடி காண்கிறேன்.

முதலாவது, வலியைப் பேரிடராகக் கருதும் பழக்கம். தொடக்கத்தில் கூறிய மாணவியிடம், வலி தொடங்கும் அந்தக் கணத்தில் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். "இன்னிக்குப் படிக்க முடியாது. மார்க் போயிடும். நீட் எழுத முடியாது. மூளையில ஏதோ இருக்கு, கண்டுபிடிக்காம விட்டுட்டாங்க" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நெற்றியில் ஒரு சிறு துடிப்பு எழுந்த சில நொடிகளில் அவள் மனம் எதிர்காலம் முழுவதையும் இழந்துவிடுகிறது. அந்த அச்சத்தால் இதயம் விரைந்து துடிக்கிறது, கழுத்துத் தசைகள் இறுகுகின்றன, உறக்கம் கலைகிறது. இவை ஒவ்வொன்றும் தலைவலியைக் கூட்டுபவை. கூடிய வலி, அச்சம் சரியானதே என்று அவளை நம்பவைக்கிறது.

இரண்டாவது, ஒதுங்கும் பழக்கம். ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் முறைவேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் வருகிறார். இரவுப் பணி முடிந்து நிறுவனப் பேருந்தில் வீடு திரும்பும்போதெல்லாம் அவருக்கு வலி வரும். வெயில் பட்டால் வலிக்கும் என்று பகலில் வெளியே செல்வதை நிறுத்தினார். ஆட்டம் வலியைத் தூண்டும் என்று மாலையில் நண்பர்களோடு கைப்பந்து ஆடுவதை விட்டார். இரைச்சல் ஆகாது என்று திருமணங்களுக்கும் திருவிழாவுக்கும் போவதில்லை. ஆறு மாதத்தில் இருட்டறையும் கைப்பேசியுமே அவர் உலகம் ஆகிவிட்டன. வலியோ குறையவில்லை. கடுமையான ஒற்றைத் தலைவலி வந்திருக்கும்போது சில மணி நேரம் இருட்டில் ஓய்வெடுப்பது முறையானதே. வலி வந்துவிடுமோ என்று அஞ்சி, வலி இல்லாத நாள்களிலும் ஒதுங்கியிருப்பதுதான் தீங்கானது. உடல் தளர்கிறது, மனம் சோர்கிறது, வலியைத் தவிர எண்ணுவதற்கு வேறொன்றும் இல்லாமற் போகிறது.

மூன்றாவது, 'என் கையில் ஒன்றும் இல்லை' என்னும் எண்ணம். மாத்திரை, ஊசி, தைலம், பற்று என்று வெளியிலிருந்து வருபவையே தம்மைக் காக்கும் என நம்பியிருப்போர், அவை கிடைக்காத இடத்தில் நிலைகுலைந்து போகின்றனர். தாமே செய்யக்கூடியவை சில உண்டு என்று அறிந்தவர்கள், அதே வலியோடும் தம் அன்றாட வேலைகளைத் தொடர்வதை நாங்கள் பார்க்கிறோம். இந்தத் தன்னம்பிக்கை பயிற்சியால் வருவது. அறிவுரை கேட்ட அளவில் அது வந்துவிடாது.

இவற்றோடு மனச்சோர்வும் பதற்ற நோயும் சேர்ந்து வரக்கூடும். நாள்பட்ட தலைவலி மனச்சோர்வை உண்டாக்குகிறது. மனச்சோர்வு தலைவலியை நாள்படச் செய்கிறது. எது முதலில் வந்தது என்று ஆராய்ந்து கொண்டிராமல் இரண்டுக்கும் ஒருங்கே மருத்துவம் பார்ப்பதே நல்லது. பிள்ளை பழையபடி பேசுவதில்லை, பிடித்தவற்றில் நாட்டமில்லை, சரியாக உண்பதில்லை, 'நான் இருந்து என்ன பயன்' என்பது போலச் சொல்கிறது என்றால், அதைத் தலைவலியின் புலம்பலாகத் தள்ளிவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையே வலியாகும் நிலை

வலியைக் கண்டு அஞ்சுபவர், வலி வருமுன்னரே மாத்திரை போட்டுக்கொள்வார். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் மாத்திரை அட்டை பள்ளிப் பையிலும் சட்டைப் பையிலும் எப்போதும் இருக்கும். இதனால் விளையும் கேடு ஒன்றைப் பலரும் அறியார். பாராசிட்டமால் போன்ற எளிய வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்துக்கொண்டால், அந்த மாத்திரைகளே தலைவலியை நிலைநிறுத்திவிடும். பன்னாட்டுத் தலைவலிக் கழகம் இதைத் தனியொரு நோயாக வகைப்படுத்தியிருக்கிறது.

அம்மாணவிக்கும் இதுவே நேர்ந்திருந்தது. தொடக்கத்தில் மாதம் நான்கு நாள் வந்த ஒற்றைத் தலைவலி, மாத்திரைப் பழக்கத்துக்குப் பின் இருபது நாளாக வளர்ந்திருந்தது. இதிலிருந்து விடுபடும்போது முதல் ஓரிரு வாரங்கள் வலி கூடலாம். அதனால் அதை மருத்துவரின் துணையோடு செய்ய வேண்டும். அந்த நாள்கள் கடினமானவை, ஆனால் கடந்துபோகும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பவர்கள் அவற்றைத் தாங்கிக்கொள்கின்றனர்.

ஆய்வுகள் சொல்வது

மனப்பயிற்சியால் உண்மையாகவே பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு மூன்று ஆய்வுகளைச் சொல்வேன்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், நாள்பட்ட ஒற்றைத் தலைவலியுள்ள 10 முதல் 17 வயது வரையிலான 135 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். இரு குழுவினருக்கும் அமிட்ரிப்டிலின் என்னும் ஒரே மருந்து தரப்பட்டது. ஒரு குழுவுக்கு அதனோடு தலைவலி குறித்த விளக்கக் கல்வி. மற்றொரு குழுவுக்கு எண்ணங்களையும் நடத்தையையும் சீர்ப்படுத்தும் உளவியல் பயிற்சி. தொடக்கத்தில் 28 நாளில் 21 நாள் அவர்களுக்கு வலி இருந்தது. 20 வாரங்களுக்குப் பின், பயிற்சி பெற்றோருக்கு வலி நாள்கள் சராசரியாக 11.5 குறைந்தன, மற்றவர்களுக்கு 6.8 குறைந்தன. 2013இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் தலைவலி மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது.

2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒற்றைத் தலைவலியுள்ள 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுள் சிலருக்கு இரு தடுப்பு மருந்துகளில் ஒன்றையும், சிலருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தனர். வலி நாள்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் மருந்து பெற்ற குழுக்களில் 52, 55 விழுக்காட்டினர். வெற்று மாத்திரை பெற்ற குழுவில் 61 விழுக்காட்டினர். அப்பிள்ளைகளின் வலி பொய் என்று இதற்குப் பொருளன்று. குணமாகும் என்னும் எதிர்பார்ப்பும், பரிவோடு கேட்கும் மருத்துவக் குழுவும் இளம் மூளையின் வலிப் பாதைகளில் மெய்யான மாற்றத்தைச் செய்யக்கூடும் என்பதே நாம் கொள்ளவேண்டியது. இதைப் படித்துவிட்டு மருத்துவர் தந்த மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிட வேண்டா. யாருக்கு மருந்து தேவை என்பது ஒவ்வொருவரையும் பரிசோதித்தே முடிவு செய்யப்படுகிறது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், ஒற்றைத் தலைவலியுள்ளோரில் ஒரு பகுதியினருக்கு மருந்து மட்டும், மற்றொரு பகுதியினருக்கு மருந்தோடு யோகப் பயிற்சியும் அளித்தனர். 114 பேர் ஆய்வை நிறைவு செய்தனர். யோகமும் சேர்த்துச் செய்தவர்களுக்கு வலியின் எண்ணிக்கையும் கடுமையும் கூடுதலாகக் குறைந்தன. இது 2020இல் வெளியானது.

இல்லத்தார் செய்யத்தக்கவை

தலைவலியுள்ள பிள்ளையின் வீட்டில் இரு எதிரெதிர்ப் போக்குகளைக் காண்கிறேன். ஒன்று, நம்பாமை. "எங்க காலத்துல தலைவலின்னு யார் படுத்தாங்க?" என்னும் ஒரு சொல் போதும், அப்பிள்ளை வாய் திறவாது, மறைவில் மாத்திரை தேடும். மற்றொன்று, அளவுக்கு மீறிய பரிவு. மணிக்கொரு முறை "வலிக்குதா கண்ணு?" என்று கேட்பது, பள்ளிக்கு வேண்டாம் என்பது, எல்லா வேலையையும் தாமே செய்துவிடுவது. இது அன்பினால் விளைவதே. ஆயினும் ஒவ்வொரு கேள்வியும் பிள்ளையின் கவனத்தை மீண்டும் வலியின்பால் திருப்புகிறது. வலித்தால்தான் தாயின் அருகாமை கிட்டும் என்று, அறியாமலேயே அம்மனம் பழகிக்கொள்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 'உனக்கு வலிக்கிறது என்பதை நான் நம்புகிறேன்' என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். பின்னர் வலியைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அன்று நடந்த பாடத்தைப் பற்றியும், தோழியரைப் பற்றியும், சமைக்க வேண்டியதைப் பற்றியும் பேசுங்கள். வலியோடு அரை நாள் பள்ளிக்குச் சென்று வந்தாலும் அம்முயற்சியைப் பாராட்டுங்கள். வீட்டில் இருக்கும் நாளில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் இல்லாத உண்மையான ஓய்வாக அது அமையட்டும்.

ஆசிரியர்களும் துணைநிற்கலாம். வலி வந்தால் பதினைந்து நிமிடம் அமைதியான இடத்தில் அமர்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப இசைவு அளித்தால், பல மாணவர்கள் வீட்டுக்குப் போகாமல் தாங்கிக்கொள்வர். தேவையெனில் மருத்துவரிடம் இதற்கான கடிதம் கேட்டுப் பெறலாம்.

நீங்களே தொடங்கக்கூடியவை

தலைவலிக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்குங்கள். வலி வந்த நாள், நேரம், அதன் அளவு பத்துக்கு எத்தனை, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், எந்த வேளை உணவைத் தவிர்த்தீர்கள், எத்தனை மாத்திரை எடுத்தீர்கள் ஆகியவற்றை நாளின் இறுதியில் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். பெண்கள் மாதவிலக்கு நாள்களையும் குறிக்கவும். இரண்டு மாதக் குறிப்பு மருத்துவருக்குப் பத்துப் பரிசோதனைகளைவிட மிகுதியாகச் சொல்லும்.

உறங்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும், விடுமுறை நாளிலும். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டி வெறும் தேநீரோடு கிளம்பும் மாணவர்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களுக்கு முற்பகலில் வலி வருவதில் வியப்பில்லை. இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கூழோ அதைத் தடுக்கக்கூடும். போதிய தண்ணீர் குடியுங்கள். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் இதைக் கேட்டறிய வேண்டும்.

மூச்சுப் பயிற்சியை வலி இல்லாத நாளிலேயே பழகுங்கள். முதுகை நிமிர்த்தி அமர்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கின் வழியே மூச்சை இழுங்கள். வயிறு உயர வேண்டும். ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் செய்யுங்கள். அடுத்து, தசைத் தளர்ச்சிப் பயிற்சி. எட்மண்டு ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறை இது. கைவிரல்களை ஐந்து நொடி இறுக மூடி, பிறகு முழுவதும் தளர்த்துங்கள். இவ்வாறே தோள், நெற்றி, தாடை, கால் என ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துங்கள். மணிக்கணக்கில் தறியில் குனிந்து அமரும் இளையோருக்கும், புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருக்கும் மாணவர்களுக்கும் தோள் பயிற்சி மிகவும் ஏற்றது.

எண்ணத்தைக் கவனியுங்கள். வலி தொடங்கும்போது மனத்தில் எழும் சொற்றொடரை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, 'சென்ற முறை உண்மையில் என்ன நடந்தது?' என்று கேட்டு விடை எழுதுங்கள். 'தேர்வே போய்விடும்' என்று எழுதிய மாணவி, 'சென்ற முறை மூன்று மணி நேரத்தில் வலி அடங்கியது. மறுநாள் படித்தேன்' என்று அதன் கீழே எழுதினாள். இவ்வாறு பத்து முறை எழுதியபின் அச்சம் தானாகவே வலுவிழக்கிறது.

விட்டவற்றுக்குச் சிறுகச் சிறுகத் திரும்புங்கள். கைப்பந்தை விட்ட இளைஞரிடம், முதல் வாரம் மாலையில் பத்து நிமிட நடை மட்டும் என்றேன். அடுத்த வாரம் இருபது நிமிடம். ஆறாவது வாரம் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றார். எட்டாவது வாரம் ஆடினார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைய அளவைச் செய்வதே விதி. வலி இல்லாத நாளில் அளவுக்கு மீறிச் செய்வதும் கூடாது.

உடனே வரவேண்டிய நிலைகள்

இதுவரை கூறியவை யாவும், மருத்துவர் பரிசோதித்து ஆபத்தான காரணம் இல்லை என்று உறுதி செய்த தலைவலிக்கே பொருந்தும். கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருந்தால் மூச்சுப் பயிற்சியில் நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தேவையெனில் 108 ஐ அழையுங்கள்.

வாழ்நாளில் கண்டிராத கடும் வலி திடீரென இடி விழுந்தாற்போல் வருதல். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. ஒரு பக்கக் கை கால் தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல். வலிப்பு, மயக்கம், குழப்பம். பார்வை மங்குதல் அல்லது பொருள்கள் இரண்டாகத் தெரிதல். தலையில் அடிபட்டபின் வரும் வலி. அதிகாலையில் வாந்தியோடு எழுப்பி, வாரத்துக்கு வாரம் கூடிவரும் வலி. பல நாளாகத் தொடரும் மாலைக் காய்ச்சலோடும் எடை குறைவோடும் வரும் வலி. கருவுற்றிருப்போருக்கும், பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் இருப்போருக்கும் புதிதாகக் கடும் தலைவலி வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பச்சை உடம்பு என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். உடலில் நீர் வற்றினால் மூளையின் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடுகிறது.

மன நலம் குறித்துப் பேச விரும்புவோர், எந்நேரமும் 14416 என்ற கட்டணமில்லா டெலி-மானஸ் எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மனநல ஆலோசகரிடம் உங்களை அனுப்புகிறோம் என்றால், உங்கள் வலியை நாங்கள் நம்பவில்லை என்று எண்ணாதீர்கள். கால் முறிந்தவரை எலும்பு மருத்துவத்துக்குப் பின் உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்புவது போன்றதே அது.

அம்மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். முதல் பத்து நாள் மாத்திரைகளைக் குறைத்தது அவளுக்குப் பெரும் துன்பமாக இருந்தது. இரு முறை அழுதுகொண்டே வந்தாள். தடுப்பு மருந்து ஒன்றைத் தொடங்கினோம். ஆலோசகரிடம் ஆறு முறை பயிற்சி பெற்றாள். அவள் தந்தையையும் ஒரு நாள் அழைத்துப் பேசினோம். பொதுத்தேர்வு நெருங்கியபோது வலி மாதத்தில் ஏழெட்டு நாளாகக் குறைந்திருந்தது. வேதியியல் தேர்வன்று காலையில் வலி வந்தது. தேர்வறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு, நாங்கள் அனுமதித்திருந்த ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே சென்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு இன்னும் தலைவலி வருகிறது, இனியும் வரக்கூடும்.

சென்ற மாதம் மருந்து வாங்க வந்த தாயிடம், இப்போதும் வலிக்கிறதா என்று மகளைக் கேட்கிறீர்களா என்றேன். "இப்ப கேக்கறதில்ல டாக்டர்" என்றார். சற்று நேரம் கழித்து, "கேக்காம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.